எண்ண முடிகிற சத்தம்: ஒரு சங்கிலியும் சில ஒலிக்குறிப்புச் சொற்களும்

இயந்திரத்தின் ஒரு பாகத்தை மாற்றிய பின் எழும் புதிய சத்தத்திற்கு, மாற்றிய பாகமே காரணம் என்று கொள்வது மனித இயல்பு. முன்னது நிகழ்ந்தது, பின்னது தொடர்ந்தது, ஆகவே முன்னதால் பின்னது விளைந்தது என்னும் இந்த முடிவு பல வேளைகளில் சரியாகவும் அமைந்துவிடுகிறது. அதனாலேயே அது ஆபத்தானதாகவும் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் பட்டறைகளில் இந்த முடிவின் விலை சில ஆயிரம் ரூபாயாக இருக்கலாம். நெடுஞ்சாலையில் ஓர் உயிராகவும் இருக்கலாம்.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்றும் மும்பைத் தமிழரின் வரைபடத்தில் அடுத்தடுத்து அமைந்த பகுதிகள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கும் பிற கூலி வேலைகளுக்கும் வந்து குடியேறியோரின் வழிவந்தவர்கள் தாராவியில் மிகுதி. மாட்டுங்காவில் கோயில்களும் காப்பிக் கடைகளும் கல்லூரிகளும் தமிழ் நடுத்தர வர்க்கத்தின் அடையாளங்களாக நிற்கின்றன. 1887-இல் தொடங்கப்பட்டு இன்று வீர்மாதா ஜீஜாபாய் பெயரைத் தாங்கி நிற்கும் தொழில்நுட்பக் கழகமும், 1915-இல் அமைந்த ரயில் பெட்டிப் பணிமனையும் அங்கேதான் உள்ளன. செம்பூரைக் கடந்தால் சயான் – பன்வேல் நெடுஞ்சாலை. அதன் வழியே புனே, கோலாப்பூர், பெங்களூரு, மதுரை. மும்பை – புனே விரைவுச்சாலையில் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதி இல்லை. எனவே பைக்கில் ஊருக்குப் போகிறவர்கள் பழைய நெடுஞ்சாலையில் கண்டாலா மலைப்பாதையை ஏறித்தான் போகவேண்டும். திருநெல்வேலி வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர்.

தாராவியில் பிறந்து இப்போது செம்பூரில் வசிக்கும் இளைஞர் ஒருவர், ஆண்டுதோறும் கோயில் கொடைக்கு இந்த வழியில் தம் டூரிங் பைக்கிலேயே ஊருக்குப் போய்வரும் வழக்கம் உடையவர். மழைக்காலம் முடிந்ததும் பயணத்திற்கு முன்னேற்பாடாக ஒரு பட்டறையில் செயின் செட் முழுவதையும், அதாவது சங்கிலியையும் முன், பின் பல்சக்கரங்களையும், மாற்றினார். நான்காம் நாள் ‘கடகட’ என்று சத்தம். மாற்றிய பட்டறை, “புதுச் செயின்; ஓடஓடச் சரியாகிவிடும்” என்றது. இரண்டாவதாகப் பார்த்த பட்டறை, செட் மட்டமானது, வேறு வாங்கிப் போடவேண்டும் என்றது. இரண்டு தீர்ப்புகளும் எதிரெதிரானவை. ஆனால் இரண்டுமே வண்டியைத் தொடாமல் சொல்லப்பட்டவை. இரண்டுமே, சத்தம் புதிய பாகத்திலிருந்து வருகிறது என்னும் ஒரே அனுமானத்தின் மீது நிற்பவை.

மூன்றாவதாக அவர் சென்றது தாராவி 90 அடிச் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், 2 வண்டிகள் மட்டுமே நிற்கக்கூடிய ஒரு பட்டறைக்கு. அதை நடத்துபவர் ஐம்பது வயதைக் கடந்த நெல்லைக்காரர். அங்கே நடந்த உரையாடல் இது:

“அண்ணாச்சி, செயின் செட்டு புதுசு போட்டு நாலு நாளாச்சு. அதுல இருந்து கடகடன்னு ஒரே சத்தம்.”

“கடகடன்னா? எண்ண முடியுதா, எண்ண முடியலையா தம்பி?”

“மெதுவாப் போனா எண்ணலாம். வேகமாப் போனா ஒண்ணோட ஒண்ணு சேந்துருது.”

“கிளட்ச்சப் புடிச்சு உருட்டினா நிக்குதா?”

“நிக்கல. ஆனா ஆக்சிலேட்டரை விட்டுத் திரும்பக் கொடுக்கும்போது டொக்குன்னு வேற ஒரு அடி விழுது.”

“அப்ப சத்தம் ஒண்ணு இல்ல, ரெண்டு.”

வண்டியை இன்னும் யாரும் தொடவில்லை. ஆனால் நோயறிதலில் பாதி முடிந்துவிட்டது. ‘கடகட’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்திருந்த இரண்டு ஒலிகள் நான்கு கேள்வி பதில்களில் பிரிக்கப்பட்டன. கிளட்சைப் பிடித்தால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள விசைத் தொடர்பு அறுகிறது. அப்போதும் நிற்காத சத்தம் சக்கரத்தோடு சுழலும் பாகங்களைச் சேர்ந்தது. விசை மாறும் கணத்தில் மட்டும் விழும் அடி, எங்கோ இரண்டு பாகங்களுக்கு இடையில் தளர்வு இருப்பதைக் காட்டுகிறது. முன்னது சுழற்சியின் ஒலி. பின்னது விசைமாற்றத்தின் ஒலி. இவற்றுக்குக் காரணமும் மருந்தும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

பாகம் மாற்றிய பின் கேட்கும் சத்தங்களை மூவகையாகப் பகுக்கலாம். முதல் வகை, புதிய பாகமே எழுப்பும் ஒலி. தேய்ந்த பல்சக்கரத்தின் மீது புதிய சங்கிலியை மட்டும் போட்டால் இது நிச்சயம் வரும். சங்கிலி ‘நீண்டுவிட்டது’ என்று சொல்வது வழக்கம். உண்மையில் அதன் எஃகுத் தகடுகள் நீள்வதில்லை. ஊசியும் அதைச் சூழ்ந்த உறையும் தேய்வதால் ஒவ்வொரு கண்ணியிலும் மயிரிழை அளவு இடைவெளி சேர்கிறது. பெரிய பைக்குகளின் சங்கிலியில் ஒரு கண்ணியின் நீளம் ஓர் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு, அதாவது 15.875 மில்லிமீட்டர். 20 கண்ணிகள் 317.5 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். அது 3 மில்லிமீட்டர் கூடினாலே ஏறத்தாழ 1 விழுக்காடு தேய்வு. தேய்ந்த சங்கிலியோடு பழகிய பற்கள் அந்தத் தேய்வுக்கு ஏற்பக் கொக்கி போல் வளைந்திருக்கும். புதிய சங்கிலியின் உருளைகள் அவற்றில் சரியாக அமராமல் ஏறி இறங்கும். செட்டாகவே மாற்றவேண்டும் என்று சொல்வதன் காரணம் விற்பனைத் தந்திரம் அன்று, இதுவே.

இரண்டாம் வகை, மாற்றுவதற்காகத் தொட்ட பாகங்கள் எழுப்பும் ஒலி. சங்கிலியும் பின் பல்சக்கரமும் மாற்றப் பின்சக்கரத்தைக் கழற்றவேண்டும். அப்போது அச்சு, அதன் இருபுறத்து இடைவெளிக் குழாய்கள், பிரேக் காலிப்பர், பேரிங் ஆகிய அனைத்தும் கைபட்டுத் திரும்பப் பூட்டப்படுகின்றன. சங்கிலியின் இறுக்கமும் சக்கரத்தின் நேர்கோடும் புதிதாக அமைக்கப்படுகின்றன. இறுக்கம் மிகுந்தால் சங்கிலி ஊளையிடும். கியர்பாக்சின் வெளித்தண்டைத் தாங்கும் பேரிங் தேயும். இறுக்கம் குறைந்தால் அது ஸ்விங் ஆர்மின் மீதுள்ள நைலான் பட்டையை அறையும். நேர்கோடு பிசகினால் பற்களின் ஒரு பக்கம் மட்டும் உராயும். இவை எவற்றிலும் புதிய பாகத்தின் மீது குற்றம் இல்லை.

மூன்றாம் வகைதான் மிகவும் ஏமாற்றுவது: முன்பே இருந்து, இப்போதுதான் கேட்கத் தொடங்கிய ஒலி. பழைய சங்கிலியின் பேரிரைச்சல் அதுவரை அதை மூடியிருந்தது. பெரிய சத்தம் நின்றதும் சிறிய சத்தம் வெளிப்படுகிறது. புதிதாகக் கேட்கப்படுவதை எல்லாம் புதிதாகப் பிறந்தது என்று எண்ணுவது செவியின் பிழை அன்று; கால வரிசையைக் காரண வரிசையாகப் படிக்கும் மனத்தின் பிழை.

இனி வண்டியைத் தொடும் கட்டம். அந்த வண்டியின் முன் பல்சக்கரத்தில் 15 பற்கள், பின்னதில் 45, சங்கிலியில் 110 கண்ணிகள். மெக்கானிக் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்தார். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டார். சங்கிலியின் இரு முனைகளையும் இணைக்கும் கண்ணியில், பட்டறை வழக்கில் ‘செயின் லாக்’ எனப்படும் அதில், இன்னொரு கோடு. பிறகு சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றினார். எஞ்சின் ஓடும்போது சங்கிலியின் அருகே கை கொண்டுபோனவர்கள் விரலை இழந்திருக்கிறார்கள் என்பதைப் பட்டறைச் சிறுவனுக்கு நினைவூட்டிக்கொண்டே இதைச் செய்தார்.

இந்த எளிய சோதனையின் பின்னால் பள்ளிக் கணக்கு ஒன்று இருக்கிறது. பின்சக்கரம் ஒருமுறை சுழன்றால் 45 கண்ணிகள் கடக்கும். முன் பல்சக்கரம் மும்முறை சுழலும். சங்கிலி முழுச் சுற்றில் பாதியைக் கூட எட்டியிருக்காது. சங்கிலி ஒரு முழுச்சுற்று வரப் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரை முறை சுழலவேண்டும். எனவே டயரின் கோடு ஒருமுறை வரும்போது சத்தமும் ஒருமுறை வந்தால் குற்றம் சக்கரத்திலோ, பின் பல்சக்கரத்திலோ, பிரேக் தட்டிலோ இருக்கிறது. மும்முறை வந்தால் முன் பல்சக்கரத்தில். இரண்டரைச் சுற்றுக்கு ஒருமுறை வந்தால் சங்கிலியின் ஏதோ ஓர் இடத்தில். எந்தக் கருவியும் இன்றி, எண்ணிக்கை ஒன்றினாலேயே குற்றவாளியின் முகவரி கிடைத்துவிடுகிறது.

அந்த வண்டியில் சத்தம் இரண்டரைச் சுற்றுக்கு ஒருமுறை வந்தது. லாக்கின் மீதிருந்த கோடு முன் பல்சக்கரத்திற்குள் நுழையும் கணத்தில் ‘டக்’. அதே கண்ணி பின் பல்சக்கரத்தை அடையும்போது அதே ஒலி மிக மெலிதாக. இந்த வேறுபாட்டிற்கும் கணக்கு உண்டு: 15 பற்கள் கொண்ட சக்கரத்தில் ஒவ்வொரு கண்ணியும் 24 பாகை மடங்கவேண்டும், 45 பற்கள் கொண்டதில் 8 பாகை போதும். மடங்க மறுக்கும் கண்ணி அதிகம் மடங்கவேண்டிய இடத்தில்தான் அதிகம் முரண்டு பிடிக்கும். லாக்கைப் பூட்டியவர் அதன் பக்கத் தகட்டை அளவுக்கு மீறி அழுத்தியிருந்தார். அந்த ஒரு கண்ணி மட்டும் இறுகிப்போய் மடங்காமல் நின்றது.

அதோடு இன்னொன்றும் தெரிந்தது. லாக்கின் கிளிப் தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது. கிளிப்பின் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கியும் திறந்த வாய் அதற்கு எதிர்ப்புறமும் இருக்கவேண்டும் என்பது பட்டறையின் பாலபாடம். மாறியிருந்தால் எதிலாவது உரசிக் கிளிப் கழன்றுவிடலாம். கிளிப் போனால் தகடு போகும். தகடு போனால் சங்கிலி அறுந்து எஞ்சின் உறையை உடைக்கலாம். பின்சக்கரத்தில் சிக்கி அதைப் பூட்டவும் செய்யலாம். கண்டாலா மலைப்பாதையின் வளைவில் பின்னால் லாரி வரும்போது சக்கரம் பூட்டிக்கொள்வது என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. “ஓடஓடச் சரியாகிவிடும்” என்ற தீர்ப்பின் உண்மையான பொருள் அன்று அந்தச் சிறிய கிளிப்பில் தெரிந்தது.

‘டொக்’ என்ற இரண்டாம் ஒலி மூன்றாம் வகையைச் சேர்ந்தது. பின்சக்கரத்தின் குடத்தில், பல்சக்கரத்தின் இழுப்பைச் சக்கரத்திற்கு மெத்தென்று கடத்த ரப்பர்த் துண்டுகள் இருக்கும். சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு பல்சக்கரத்தை மட்டும் கையால் முன்னும் பின்னும் அசைத்தபோது, அந்த ரப்பர்கள் நசுங்கிப்போயிருந்தது தெரிந்தது. அவை ஒரு வாரத்தில் நசுங்கியவை அல்ல. பழைய சங்கிலியின் தளர்வால் எழுந்த அதிர்வோடு அந்த அடியும் கலந்து மறைந்திருந்தது. புதிய லாக் ஒன்றும் ஒரு செட் ரப்பரும் போதுமானவையாக இருந்தன. மட்டமானது என்று ஒதுக்கப்படவிருந்த புதிய செயின் செட்டில் எந்தக் குறையும் இல்லை.

அந்த இளைஞரின் நண்பரும் மாட்டுங்காவில் பொறியியல் பயில்பவருமான மாணவர் ஒருவர், பழுது நீக்கும் முன்பே அந்தச் சத்தத்தைக் கைப்பேசியில் பதிவுசெய்திருந்தார். அதிகாலையில் சயான் – பன்வேல் நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்த பதிவு. அதன் வீச்சு வரைபடத்தில் 0.29 நொடிக்கு ஒருமுறை ஒரு முள் எழுந்திருந்தது. பின்சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். அந்த வேகத்தில் சக்கரம் நொடிக்கு 8 முறைக்குச் சற்று மேல் சுழலும். நொடிக்கு 375 கண்ணிகள் கடக்கும். 110 கண்ணிகள் கடக்க 0.29 நொடி. சாக்பீஸ் சொன்னதையே கணினியும் சொன்னது. ஏட்டறிவுக்கும் பட்டறிவுக்கும் போட்டி வைத்து ஒன்றை வெல்லச் செய்யும் கதைகள் நம்மிடையே அதிகம். இங்கே வெற்றி தோல்வி இல்லை. இருவரும் கேட்டது ஒரே கேள்வி: எத்தனைக்கு ஒருமுறை?

மொழியியல் மாணவர்கள் கவனிக்கவேண்டிய இடம் இதுதான். அந்த 60 கிலோமீட்டர் வேகத்தில் சங்கிலியின் ஒரு பழுது நொடிக்கு 3 அல்லது 4 முறை ஒலிக்கும். சக்கரத்தின் பழுது 8 முறை. முன் பல்சக்கரத்தின் பழுது 25 முறை. பற்களும் உருளைகளும் பொருந்தும் ஒலி 375 முறை. நொடிக்கு 3, 4 அடிகளை மனிதச் செவி தனித்தனியாக எண்ணும். 8 அடிகளை எண்ணத் திணறும், ஆனால் அடிகள் என்று உணரும். 25-ஐ எண்ண இயலாது, அது ஒரு கரகரப்பாகக் கேட்கும். 375 என்பது அடியே அன்று, ஒரு சுருதி. இப்போது பட்டறைத் தமிழின் சொற்களை இவற்றின் அருகே வைத்துப் பார்க்கலாம்: ‘டக்… டக்…’, ‘கடகட’, ‘கர்ர்ர்’, ‘ஊய்ங்’.

வல்லின மெய்யில் முடிந்து, இடைவெளி விட்டு மீளும் அசை எண்ணக்கூடிய அடிகளுக்கு. இடைவெளியின்றி இரட்டித்த வடிவம் எண்ண முடியாத அடிகளுக்கு. நீட்டி உருளும் ரகரம் கரகரப்புக்கு. நெடில் உயிரும் மூக்கொலியும் சுருதிக்கு. சொல்லின் வடிவமே அதிர்வெண்ணின் வரிசையில் அமைந்திருக்கிறது. “எண்ண முடியுதா?” என்ற மெக்கானிக்கின் கேள்வி, ‘கடகட’ என்ற சொல்லை ‘டக்… டக்…’ என்பதிலிருந்து பிரிக்கும் எல்லைக்கோட்டையே தொட்டது. வண்டியின் சொந்தக்காரர் எல்லாச் சத்தத்துக்கும் பொதுவான சொல்லாக ‘கடகட’ என்பதைப் பயன்படுத்தினார். மெக்கானிக் அதைக் கலைச்சொல்லாகக் கேட்டார். முதல் பணி, அந்தச் சொல்லின் பொருளை இருவரும் உடன்பட்டு வரையறுப்பதாக இருந்தது.

தொல்காப்பியம் இரட்டைக்கிளவியைச் சொல்லதிகாரத்தின் முதல் இயலிலேயே பேசுகிறது. இரட்டித்தே நின்று பொருள் தரும், பிரித்தால் தராது என்பது அதன் கருத்து. பட்டறையில் இந்த விதி அப்படியே வாழ்கிறது: ‘கட’ என்று ஒருமுறை சொன்னால் எந்த மெக்கானிக்குக்கும் எதுவும் விளங்காது. அதே தொல்காப்பியத்தின் மொழிமரபு, டகரமும் லகரமும் சொல்லுக்கு முதலில் வாரா என்கிறது. பட்டறையின் சொற்களோ ‘டக்’, ‘டொக்’, ‘லொடலொட’ என்று அந்த எழுத்துகளிலேயே தொடங்குகின்றன. ஒலிக்குறிப்புச் சொற்கள் தம் மொழியின் பொது ஒலி விதிகளை மீறுவது உலகின் பல மொழிகளில் பதிவாகியுள்ள ஒன்று. இச்சொற்கள் பொருளைப் பெயரிடுவதோடு நிற்பதில்லை; அதை நடித்தும் காட்டுகின்றன. நடிப்புக்கு உரிய சலுகையை மொழி அவற்றுக்கு அளிக்கிறது.

அந்தப் பட்டறையின் உதவியாளர் உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்த இளைஞர், தமிழ் அறியாதவர். பல்சக்கரத்தை ‘கராரி’ என்பார். எதிர்ப்பட்டறைக்காரர் மராட்டியர். இருந்தும், சக்கரம் சுழன்றபோது மூவரும் தத்தம் மொழியில் சொன்ன ஒலிச்சொற்களை ஒருவருக்கொருவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. தமிழின் ‘கடகட’, இந்தி, மராத்தியில் மூச்சொலியோடு தொடங்கும் ‘கட்கட்’. தமிழின் ‘டக் டக்’, அவர்களின் ‘டக்டக்’. இது வெறும் தற்செயல் அன்று. இந்தியாவை ஒரே மொழிப்பரப்பாகக் காணவேண்டும் என்று 1956-இல் வாதிட்ட மரே எமனோ, 1969-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒலிக்குறிப்புச் சொற்களையே அதற்குச் சான்றாக வைத்தார். திராவிட, இந்தோ–ஆரியக் குடும்பங்களுக்கு இடையே இரட்டித்த ஒலிச்சொற்களின் அமைப்பும் பல சொற்களும் பொதுவாக இருப்பதை அவர் அகராதிகளிலிருந்து திரட்டிக் காட்டினார். அகராதிகளில் அவர் கண்ட பரப்பு, தாராவியின் ஒரு சந்தில் எண்ணெய்க் கறையோடு தினமும் பேசப்படுகிறது.

சத்தத்திற்குச் சொல் தேடிய வரலாறு பட்டறைக்கு மட்டும் உரியதன்று. 1816-இல் பாரிசில் ரெனே லென்னெக் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்தபோது அவருக்குக் கருவி கிடைத்தது. ஆனால் கேட்டவற்றைப் பிறருக்குச் சொல்லச் சொற்கள் இல்லை. 1819-இல் வெளிவந்த தம் நூலில் நெஞ்சுக்குள் கேட்கும் ஒலிகளுக்கு அவர் ஒவ்வொன்றாகப் பெயரிட்டார். அவற்றுள் ஒன்று ஆட்டின் கனைப்பை வைத்து அமைந்தது. அந்தச் சொற்கள் உருவான பிறகே ஒருவர் கேட்டதை இன்னொருவர் சரிபார்க்க முடிந்தது. மோட்டார் வாகனத் துறையிலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. தொடக்கக் காலத்தில் வண்டி ஓட்டுபவரே எஞ்சினின் ஒலியைக் கேட்டுப் பழுதறியவேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது; பின்னர் ஜெர்மனியில் மெக்கானிக்குகள் அந்தக் கேட்டறியும் திறனைத் தம் தொழிலுக்கு உரிய தனி உரிமையாகக் கோரினர் என்பதை ஸ்டெஃபான் கிரெப்ஸ் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கேட்பது என்பது இயற்கையான செயல் என்று தோன்றினாலும், யாருடைய செவிக்கு அதிகாரம் உண்டு என்பது சமூகம் முடிவுசெய்கிற ஒன்று.

இந்தியாவில் அந்த அதிகாரம் விசித்திரமாகப் பங்கிடப்பட்டிருக்கிறது. மருத்துவரின் செவிக்குப் பட்டம் உண்டு. ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி விரிசலைக் கேட்டறிந்த ஊழியரின் செவிக்குப் பதவியும் சம்பளமும் இருந்தன. சந்துப் பட்டறையில் நிற்பவரின் செவிக்கு எந்தச் சான்றிதழும் இல்லை. அதனால் அவர் சொல்வது அறிவு என்னும் பெயரைப் பெறாமல் ‘அனுபவம்’ என்ற பெயரைப் பெறுகிறது. ஆனால் அவர் செய்தது என்ன? கருதுகோளை இரண்டாகப் பிரித்தார், ஒவ்வொன்றையும் பொய்ப்பிக்கக்கூடிய கேள்வி கேட்டார், மாறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார், அளந்தார், குறியிட்டு மீண்டும் சரிபார்த்தார். ஆய்வு முறையியல் வகுப்பில் ஒரு பருவம் முழுவதும் கற்பிக்கப்படுவது இதுவே.

அந்த அறிவு கைமாறும் முறையும் கவனத்திற்கு உரியது. உதவியாளரான இளைஞருக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. மெக்கானிக் சக்கரத்தைச் சுழற்றியபோது அவர் கையைப் பிடித்து ஸ்விங் ஆர்மின் மீது வைத்தார். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பாகத்தின் மீதும் கைப்பிடியைக் காதின் அருகிலும் வைத்துக் கேட்கச் சொன்னார். “எதுலேர்ந்து வருது?” என்ற கேள்விக்கு முதலில் தவறான விடை வந்தது. வண்டியின் சட்டம் முழுவதும் உலோகம். முன்னால் பிறந்த ஒலி பின்னால் கேட்கும். மூன்றாவது சுழற்சியில் சரியான விடை வந்தது. இத்தகைய கற்றலுக்கு மாறாத ஓர் இடமும், பழுதான வண்டிகளின் தொடர் வரத்தும், அருகருகே நிற்கும் பல மொழிக்காரர்களும் வேண்டும். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தைப் பற்றிய விவாதங்களில் குடியிருப்பின் சதுர அடிகள் கணக்கிடப்படுகின்றன. தொழிற்கூடங்களைப் பற்றியும் பேசப்படுகிறது. ஆனால் ஒரு சந்தின் பட்டறைகள் திசைக்கொன்றாகச் சிதறினால், பிற பட்டறைகளின் சத்தத்தின் நடுவே ஒரு சத்தத்தைப் பிரித்தறியப் பயிலும் இந்தப் பள்ளியும் சிதறும். அதை எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி ஒலிக்குறிப்புச் சொற்களை ஒதுக்காமல் தொகுத்தது பெரும் பணி. ஆயினும் அகராதி தரக்கூடியது ‘ஒருவகை ஓசைக்குறிப்பு’ என்னும் அளவிலான விளக்கமே. பட்டறையில் அதே சொல்லுக்கு வேகம், சுமை, எண்ணிக்கை, நிகழும் கணம் என நான்கு அளவைகள் இருக்கின்றன. ‘லொடலொட’ என்றால் பிடிப்பு தளர்ந்த தகடு. மேடுபள்ளத்தில் மட்டும் வரும். ‘நறநற’ என்றால் மணலோ துருவோ இடையில் சிக்கியது. வேகத்தைக் காட்டிலும் அழுத்தத்தைச் சார்ந்தது. ‘கீச்’ என்றால் எண்ணெய் வறண்ட இடம். மழைக்கு மறுநாள் வரும். இவற்றைத் திரட்ட முனைவோர் சொல்லை மட்டும் குறித்துக்கொண்டு திரும்பினால் ஒலிகளின் பட்டியல் ஒன்று மிஞ்சும். சொல்லப்பட்ட வேளையில் வண்டியின் வேகம் என்ன, கிளட்ச் பிடிக்கப்பட்டிருந்ததா, கேட்டவர் அடுத்து என்ன கேள்வி கேட்டார், இறுதியில் எந்தப் பாகம் கழற்றப்பட்டது என்பனவற்றையும் சேர்த்துக் குறித்தால்தான் அது பொருண்மையியல் ஆகும். இங்கே ஒரு சொல்லின் பொருள் சரியா தவறா என்பதை மொழியாளரின் உள்ளுணர்வைக் கேட்டு முடிவுசெய்ய வேண்டியதில்லை. பாகத்தைக் கழற்றினால் தெரிந்துவிடும். பொருள்கோளுக்கு இவ்வளவு கறாரான சோதனை கிடைக்கும் களங்கள் மொழியியலில் அதிகம் இல்லை.

அந்த வண்டி மறுவாரம் கண்டாலா ஏறிப் புனே வழியாகத் தெற்கே சென்றது. புறப்படும் முன் அதன் உரிமையாளருக்கு மெக்கானிக் ஓர் அறிவுரை சொன்னார். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை சங்கிலிக்கு எண்ணெய் விடவேண்டும், இறுக்கத்தைப் பார்க்கவேண்டும் என்பன எல்லோரும் சொல்வன. அவர் கூடுதலாகச் சொன்னது இது:

“சத்தம் கேட்டா பயப்படாதிய தம்பி. ஓரமா நிறுத்தி, இறங்கித் தள்ளிப் பாருங்க. எத்தன சுத்துக்கு ஒருக்கா வருதுன்னு எண்ணிக்கிட்டு எனக்குப் போனடிங்க. கடகடன்னு மட்டும் சொல்லாதிய.”